பாவமன்னிப்புக் கேட்டாயிற்று, அடுத்து என்ன? புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

சபையின் வாலிபர் நிதிக்கு இரண்டு வருடம் நான்தான் பொருளாளர். அந்த இரண்டு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்தேன். செலவுச் சீட்டில் தொகையைக் கூட்டி எழுதுவது, வசூலானதில் ஒரு பகுதியைப் பதிவேட்டில் ஏற்றாமல் விடுவது, இந்த மாதிரி. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் நிஜமாகவே மனந்திரும்பினேன். அழுதேன், ஜெபித்தேன், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அதன்பிறகு எல்லாம் ஒரு வழிக்கு வர நாலு வருடம் ஆனது. அதில் பாதிக்கு மேல் வீண். எதை எந்த வரிசையில் செய்வது என்று யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அவ்வளவு காலம் அலைந்திருக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த பெரிய தவறு, இரண்டு கணக்கை ஒன்றாகக் குழப்பியது. தேவனிடம் உள்ள கணக்கு நம்மால் அடைக்க முடியாதது; அதைக் கிறிஸ்து சிலுவையில் அடைத்துவிட்டார் என்பதுதான் சுவிசேஷம். மனிதரிடம் உள்ள கணக்கு நாம் அடைக்க வேண்டியது. நானோ முதல் கணக்கை அடைக்கப் பார்த்தேன்: உபவாசம், கூடுதல் காணிக்கை, ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்குவது. இரண்டாவது கணக்கைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். அப்படியே தலைகீழ். கீழே உள்ள வரிசை அந்தக் குழப்பம் வராமல் இருப்பதற்காக.

1. ஒரு தாள் எடுங்கள்

தேவையானவை: ஒரு தாள், ஒரு பேனா, யாரும் குறுக்கே வராத ஒரு மணி நேரம். போனில் எழுத வேண்டாம். போனில் எழுதியது எங்கெங்கே நகலாகிக் கிடக்கும் என்று நமக்கே தெரியாது.

தாளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் தேவனுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்தவை. இரண்டாவதில் இன்னொருவர் மனம் நொந்தவை. மூன்றாவதில் பணம், பொருள், ஒருவருடைய பெயர், வேலை என்று திருப்பிக் கொடுக்கக்கூடிய ஏதாவது போனவை.

பொதுவாக எழுதாதீர்கள். "நான் பெருமைக்காரன்" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "அன்றைக்குக் கூட்டத்தில் அவர் சொன்ன யோசனையை என்னுடையது என்று சொன்னேன்" என்று எழுதினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தாளே சொல்லிவிடும்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் ஞாபகத்துக்கு வராததை விட்டுவிடலாம். "மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று 19-ஆம் சங்கீதத்தில் ஒரு வேண்டுதல் இருக்கிறது. விட்டுப்போனவைக்கு அது போதும். எவ்வளவு எழுதினாலும் இன்னும் ஏதோ பாக்கி என்று ராத்திரி பகலாக மனம் அரித்துக்கொண்டே இருந்தால், தூக்கமே போய்விட்டால், போதகரோடு ஒரு மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

தாளை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் கவனம். நான் என் தாளை வேதாகமத்துக்குள்ளேயே வைத்தேன், பாதுகாப்பான இடம் என்று. பிறகு அந்த வேதாகமத்தை ஆலயத்தின் பெஞ்சிலேயே மறந்துவிட்டு வந்தேன். எடுத்தவர் யாருடையது என்று பெயர் பார்க்கத் திறந்திருக்கிறார். அடுத்த வாரம் என்னிடம் கொடுக்கும்போது தாள் நான் மடித்ததற்கு வேறு மாதிரி மடிந்திருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் வருகிறார் என்றால் வேறு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன், ரொம்ப நாள்.

2. தேவனிடம் சொல்லுங்கள், தேதி போடுங்கள்

ஆகும் நேரம் கால் மணி. செலவு ஒன்றுமில்லை. பாவமன்னிப்பு வாங்கித் தருகிறேன், இவ்வளவு காணிக்கை வையுங்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று சீஷர்களை அனுப்பும்போதே இயேசு சொல்லிவிட்டார்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 51-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மொத்தம் 19 வசனம்தான். பிறகு தாளில் உள்ளதை ஒவ்வொரு வரியாகச் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், அவருக்குத் தெரியும். முடித்ததும் 1 யோவான் 1:9-ஐ வாசியுங்கள். நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால் அவர் மன்னிக்கிறவர் என்று அங்கே இருக்கிறது. அழுதால் என்று இல்லை, மனம் லேசானதாக உணர்ந்தால் என்றும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண்ணீர் வரவில்லையே, அப்படியானால் மன்னிப்பு வரவில்லையோ என்று நான் ஒரே பாவத்தை மாதக்கணக்கில் தினமும் அறிக்கையிட்டுக்கொண்டிருந்தேன்.

லூக்கா 15-இல், தகப்பனிடம் சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிவரும் கெட்ட குமாரன் கதையில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பன்றி மேய்க்கும் இடத்திலேயே அவன் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதன் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். அந்தப் பேச்சைத் தொடங்குகிறான், ஆனால் கடைசி வரி அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். நான் நாற்காலி அடுக்கிய காலமெல்லாம் அந்த வராத வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் புரிந்தது.

அறிக்கை முடிந்ததும் தாளின் அடியில் அன்றைய தேதியைப் போடுங்கள். இது முக்கியம். பழைய குற்றவுணர்வு ராத்திரி ஒரு மணிக்குத்தான் திரும்பி வரும். அப்போது பார்க்க உங்களுக்கு ஒரு தேதி வேண்டும். யோசேப்பை அடிமையாக விற்ற அவன் சகோதரர்களைப் பாருங்கள். எகிப்தில் அவன் கட்டிப்பிடித்து அழுது அவர்களைச் சேர்த்துக்கொண்டபிறகு, தகப்பன் யாக்கோபு அங்கே 17 வருடம் உயிரோடு இருந்தார். அவர் இறந்ததும் இவர்கள் பயந்துபோய், யோசேப்பு இனிமேல்தான் பழிவாங்குவான் என்று ஆள் அனுப்பினார்கள். யோசேப்பு அழுதான். 17 வருடம் தின்று குடித்து வாழ்ந்தும் மன்னிப்பை நம்பவில்லை.

மனதுக்குள் வரும் குரல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப்பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். "அவருக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை" என்று குறிப்பாகச் சொன்னால் கேட்டு நடக்கலாம், செய்து முடித்ததும் அது அடங்கிவிடும். "நீயெல்லாம் உருப்படமாட்டாய்" என்று மொத்தமாகச் சொன்னால் அதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. தாளில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.

3. ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்

"உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர் என்றால் வழி தெளிவாகவே உள்ளது: ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவானவரிடம் தனியாகப் பாவ அறிக்கை செய்வது. கனமான பாவங்களை வருடத்துக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கேட்ட குருவானவர் அதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது என்பதும் அதே சட்டம்.

மற்ற சபைகளில் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கை பெரும்பாலும் உண்டு. தனியாகச் சொல்வதற்கு ஆளை நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களைவிட விசுவாசத்தில் மூத்தவர், உங்கள் விவகாரத்தில் சம்பந்தப்படாதவர், முடிந்தவரை உங்கள் பாலினத்தவர். அதோடு ஒரு சின்னப் பரீட்சை: மற்றவர்களைப் பற்றி அவர் உங்களிடம் என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று யோசித்துப்பாருங்கள். இன்னொருவர் வீட்டுக் கதை அவர் வாயிலிருந்து உங்கள் காதுக்கு வந்திருந்தால், உங்கள் கதையும் போகும்.

இங்கே உள்ள பெரிய கண்ணி ஜெபக்குறிப்பு. "அந்தத் தம்பிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், ஒரு பண விஷயத்தில் விழுந்துபோயிருக்கிறார்" என்று ஒரு வரி குழுவில் வந்தால் போதும், ராத்திரிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பக்தியான குரலில் சொன்னாலும் புறணி புறணிதான். அதனால் பேசத் தொடங்குமுன்பே கேட்டுவிடுங்கள்: "இதை உங்கள் வீட்டில்கூடச் சொல்லக்கூடாது, ஜெபக்குறிப்பாகவும் போடக்கூடாது. சரியா?" அவர் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். இன்னொருவர் உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து உள்ள விஷயம் என்றால் ரகசியம் காக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

4. திருப்பிக் கொடுங்கள்

நான் இரண்டு வருடத்துக்கும் மேலாகத் தள்ளிப்போட்டது இந்தப் படியைத்தான்.

*எவ்வளவு?* லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின்படி, வஞ்சித்து எடுத்தவன் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனிடம் கொடுக்க வேண்டும். அதையும் குற்றநிவாரண பலி செலுத்துகிற அதே நாளில். லூக்கா 19-இல் வரும் வரிவசூல்காரர் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் தருவதாகச் சொன்னார், ஆனால் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. இயேசு அவர் வீட்டுக்கு வருகிறேன் என்றது ஒரு காசு கைமாறுவதற்கு முன்பே என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இது மன்னிப்புக்குக் கட்டும் விலை இல்லை. ஐந்தில் ஒரு பங்கு இன்றைக்குச் சட்டமும் இல்லை, ஆனால் நல்ல அளவு. முதலை மட்டும் கொடுத்தால் வட்டியில்லாக் கடன் வாங்கியது போலத்தான் ஆகும்.

*கணக்கு எடுப்பது.* முதல் தடவை நினைவிலிருந்து கூட்டினேன். ஒரு தொகை வந்தது. அவ்வளவுதானா என்று நிம்மதியாக இருந்தது. பிறகு பழைய வங்கிக் கணக்கையும் கையில் இருந்த செலவுச் சீட்டு நகல்களையும் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. நம் நினைவு நம் பக்கம்தான் சாயும். சந்தேகமான இடத்தில் எல்லாம் கூடுதலாகவே எழுதுங்கள்.

*கடிதம்.* நேரில் போனாலும் கையில் ஒரு கடிதம் இருக்கட்டும், நேரில் வாய் குழறும். என்னுடையது இவ்வளவுதான்:

"ஐயா, நான் பொருளாளராக இருந்த இரண்டு வருடத்தில் வாலிபர் நிதியிலிருந்து பணம் எடுத்தேன். செலவுச் சீட்டுகளில் கூட்டி எழுதியும், வசூலில் ஒரு பகுதியைப் பதியாமல் விட்டும் எடுத்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. மொத்தத் தொகையைக் கணக்கிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் தவணையைக் கொண்டுவந்திருக்கிறேன், மீதியை மாதாமாதம் கட்டுகிறேன். கமிட்டி எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன்."

முதல் வரைவு மூன்று பக்கம் இருந்தது. வீட்டுச் சூழ்நிலை, கடன் தொல்லை, "ஆனால்" என்று தொடங்கும் வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. அவ்வளவையும் அடித்தேன். கடைசியாக அடித்த வரி, "தேவன் என்னை மன்னித்துவிட்டார்." அது உண்மைதான். ஆனால் பறிகொடுத்தவரிடம் அதைச் சொல்வது, மேலிடத்தில் பேசி முடித்துவிட்டேன், நீ கையெழுத்துப் போடு என்பது போல. சொல்லவே கூடாது.

*கொடுப்பது.* அப்போது சபைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரின் வீட்டுக்குப் போனேன். கடிதத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். உறையில் இருந்த நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். பிறகு இழுப்பறையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்துக் கார்பன் தாளைச் செருகினார்.

"எந்த வகையில வரவு வைக்கட்டும் தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. காணிக்கை என்று போட்டால் பொய். நன்கொடை என்றால் அதைவிடப் பெரிய பொய். "நான் எடுத்ததுதானே ஐயா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "பாக்கி வரவு" என்று எழுதி, கிழித்துக் கையில் கொடுத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அடுத்த மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள கொண்டு வந்துடுங்க" என்றார்.

பதினோரு மாதம் கட்டினேன்.

*மற்ற செலவுகள்.* பணத்தோடு முடியாது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பொறுப்புகள் எல்லாவற்றிலிருந்தும் என்னை விலக்கினார்கள். சிலர் பேசுவதை நிறுத்தினார்கள். "இப்படிப் போய்ச் சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கலாமே" என்று வீட்டில் கேட்டார்கள். எல்லாமே நியாயமான எதிர்வினைதான், ஒன்றைக்கூட எதிர்த்துப் பேசாதீர்கள்.

*போகக்கூடாத இடங்கள்.* சட்டப்படி வழக்காகக்கூடிய விஷயம் என்றால் கடிதம் எழுதுமுன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். தப்பிப்பதற்காக இல்லை, சம்பந்தமில்லாத ஆட்கள் உங்களோடு மாட்டிக்கொள்ளாமல் இருக்க. ஒருவருக்கு உடலளவில் தீங்கு செய்திருந்தால் நேராக அவர் முன்னால் போய் நிற்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்ப்பதே அவருக்கு மறுபடி ஒரு காயம். பொறுப்புள்ள ஒருவர் மூலமாக, அவர் சம்மதித்தால் மட்டும். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள். உங்கள் மனபாரம் இறங்குவதற்காக அவர் தலையில் பாரம் ஏற்றக்கூடாது.

உரியவர் இறந்துவிட்டால்? குடும்பத்தாரிடம் கொடுங்கள். வாங்கிக்கொள்ள உறவும் இல்லாவிட்டால் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் சேரட்டும் என்கிறது எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம். இன்றைக்கு ஏதாவது ஒரு தர்ம காரியத்துக்குப் பெயர் போடாமல் கொடுத்துவிடலாம்.

5. உங்களுக்கு வரவேண்டிய கணக்கு

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் மத்தேயு எழுதியிருக்கும் வரி "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்பது. சின்ன வயதிலிருந்து சொல்கிற ஜெபம். கடன் என்ற சொல் அதில் இருப்பது அந்தப் பதினோரு மாதத்தில்தான் காதில் விழுந்தது.

மத்தேயு 18-இல் இயேசு சொன்ன உவமையில், ராஜா தன் வேலைக்காரனுக்கு மன்னித்துவிட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக, 6 கோடி நாள் கூலி. அவனோ தன் உடன்வேலைக்காரனுக்கு மன்னிக்க மறுத்த கடன் நூறு வெள்ளிப்பணம். அதுவும் சின்னத் தொகை இல்லை, மூன்று மாதத்துக்கு மேலான சம்பளம். நமக்கு மற்றவர்கள் செய்தது ஒன்றுமே இல்லை என்று அந்த உவமை சொல்லவில்லை. வலித்தது வலித்ததுதான்.

செய்யவேண்டியது: இன்னொரு தாள், உங்களுக்குத் தீங்கு செய்தவர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயராகச் சொல்லி விடுவது. அவர்களிடம் போய் "உன்னை மன்னித்துவிட்டேன்" என்று அறிவிக்கப் போகாதீர்கள். அவர் கேட்காதபோது அப்படிச் சொன்னால் சண்டைதான் வரும். உங்களைத் தொடர்ந்து அடிக்கிறவரோடு அதே வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்பதும் மன்னிப்பின் நிபந்தனை இல்லை. விலகியிருந்தும் மன்னிக்கலாம்.

6. தினசரி ஜெபம்

முதலில் மொழி. மேடை ஜெபத்தைக் கேட்டுக்கேட்டு, ஜெபம் என்றால் "பரிசுத்தமும் மகிமையும் நிறைந்த எங்கள் பரம பிதாவே" என்று நீட்டித் தொடங்கினால்தான் செல்லும் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஏறியிருந்தது. இரண்டு வாக்கியத்தில் மூச்சு முட்டிவிடும். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். "அப்பா, இன்னைக்கு அவரைப் பார்க்கணும், பயமா இருக்கு" என்பது முழு ஜெபம். லூக்கா 18-இல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சொன்னது "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே வாக்கியம், நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனது அவன்தான்.

நேரம்: பதினைந்து நிமிடம் போதும். தொடக்கத்திலேயே ஒரு மணி நேரம் என்று பொருத்தனை செய்யாதீர்கள். நான் செய்தேன், நான்காம் நாள் தூங்கிவிட்டேன், அந்த வெட்கத்தில் அடுத்த மூன்று வாரம் ஜெபிக்கவே இல்லை. இயேசு இருட்டோடு எழுந்துபோய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35-இல் இருக்கிறது, தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்தார். உங்கள் வேலைக்கும் தூக்கத்துக்கும் ஒத்துவருகிற ஒரு வேளையை எடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எதைச் சொல்வது என்று வரிசை வேண்டுமானால் பரமண்டல ஜெபத்தையே வரிவரியாக நிறுத்திச் சொல்லுங்கள். வேகமாகச் சொன்னால் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு வரியிலும் நின்று அன்றைய காரியத்தை அதில் வைத்தால் கால் மணி தாராளமாகப் போகும். ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: இடது பக்கம் கேட்டது, தேதி, வலது பக்கம் நடந்தது, தேதி. வலது பக்கம் ரொம்ப நாள் காலியாகவே இருக்கும் வரிகள் எனக்கும் உண்டு. அவற்றையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஒன்றுமே வராத நாட்களில் சங்கீதம் ஒன்றை வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, ஆறுதல் வசனம் எதுவும் கடைசியில் இல்லை. அப்படியும் ஜெபிக்கலாம் என்பதற்கு அதுவே அனுமதி.

7. சாட்சி சொல்வது

நான் இந்தப் படியை நான்காம் படிக்கு முன்னால் செய்தேன். மனந்திரும்பிய சில வாரத்திலேயே ஒரு கூட்டத்தில் மேடையேறி, பண ஆசையிலிருந்து தேவன் என்னை விடுவித்தார் என்று உருக்கமாகச் சொன்னேன். தொகை, இடம், நிதியின் பெயர் எதுவும் சொல்லவில்லை. கைதட்டினார்கள். எனக்குப்பின் அந்த நிதியின் பொறுப்பை ஏற்று, பதிவேட்டில் துண்டு விழுவதற்குக் காரணம் தெரியாமல் தன் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டிக்கொண்டிருந்தவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டினார். பிற்பாடு எல்லாம் தெரிந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அன்னைக்கு என்னைப் பார்த்துக்கிட்டேதானே பேசினீங்க?" அவருக்குத் தரவேண்டியதைத் தனியாகக் கொடுத்தேன். இன்றுவரை அவர் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

ஆக, நேரம்: தாளின் மூன்றாம் பகுதி முடிகிறவரை மேடை வேண்டாம். தனியாக ஒருவரிடம் பேசுவதற்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

எழுதிப்பாருங்கள், ஒரு பக்கத்துக்குள். முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி. அகிரிப்பா ராஜாவின் முன்னால் பவுல் இந்த வரிசையில்தான் பேசினார். அப்போஸ்தலர் 26-ஐ வாய்விட்டு வாசித்தால் ஐந்து நிமிடம் போல ஆகும். நம்முடைய கதை அதைவிட நீளமாக இருக்க வேண்டியதில்லை. பழைய பாவத்தை ருசித்து விவரிப்பதையும், மற்றவர்களின் பெயர்களையும் எடுத்துவிடுங்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் கதையில் வந்தால் அவர்களிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். "இப்போது எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று முடிக்காதீர்கள், பொய்யாக இருக்கும்.

யாரிடம்? மாற்கு 5-இல், லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவன் குணமானதும் இயேசுவோடு கூடவே வருகிறேன் என்றான். அவரோ, உன் வீட்டுக்குப் போய் உன் இனத்தாரிடம் சொல் என்று அனுப்பினார். வீட்டில்தான் கஷ்டம், அவர்களுக்கு நம்மைத் தெரியும். என் வீட்டில் நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. மாதாமாதம் ஐந்தாம் தேதி உறையோடு நான் கிளம்புவதைப் பார்த்துத்தான் ஒரு நாள் கேட்டார்கள், எதற்காக இப்படி என்று.

கேட்டால் சொல்லுங்கள். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிடலாம். யோவான் 9-இல் பார்வை பெற்றவன் பரிசேயர்களிடம் சொன்னது அதுதான்: நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவர், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர், உங்களிடம் உதவிக்கு வந்தவர், இவர்களெல்லாம் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்கள். அந்த நேரத்தில் பிரசங்கம் பண்ணாதீர்கள். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடமும் வேண்டாம். மத விஷயம் பேசுவதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, வேலையிடத்துக்கு வேறு விதி, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

8. மறுபடி விழுந்தால்

விழுவீர்கள். புதுத் தாள், அன்றைக்கே, முதல் படியிலிருந்து. ஒரு வாரம் நல்லபிள்ளையாக இருந்து காட்டிவிட்டு அப்புறம் ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பேதுருவிடம் ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்னவர், அதைவிடக் குறைவாக மன்னிப்பார் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் திரும்பத்திரும்ப விழுந்தால் அந்த இடத்துக்குப் போகாமல் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். என்னிடம் யாராவது பொதுப்பணத்தைக் கொடுத்தால் இன்னொருவர் கையெழுத்தும் இல்லாமல் வாங்குவதில்லை. ஒரு பிறந்தநாள் வசூலாக இருந்தாலும் சரி.

9. எதைக் கிழிக்கலாம், எதை வைத்திருக்க வேண்டும்

பாவங்கள் எழுதிய தாளைக் கடைசித் தவணை கட்டிய அன்றைக்குக் கிழித்துவிடலாம். துண்டுதுண்டாக, யாரும் ஒட்டிப் படிக்க முடியாதபடி. ஜெப நோட்டு இருக்கட்டும். கடிதத்தின் நகலும் ரசீதுகளும் கட்டாயம் இருக்கட்டும். கமிட்டி மாறும், பெரியவர்கள் போய்விடுவார்கள், பத்து வருடம் கழித்து யாராவது பழைய கணக்கைக் கிளறிக் கேட்கலாம். என்னுடையவை பதினொன்று, மாத வரிசையில் நூலில் கோத்து வைத்திருக்கிறேன். கார்பன் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. நீங்களாவது நகல் எடுத்து வையுங்கள்.